உப்பு வேர்க்கும் நாள்

திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவில் பச்சிலை மருந்து விற்கும் கடைகளுக்கு அந்தக் காலத்தில் பஞ்சமில்லை. எந்தக் கடைக்குப் போனாலும், "யாருக்கு? என்ன உபத்திரவம்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். பிள்ளைவாள் ஒருவர்தான் அதைக் கேட்காதவர். வைத்தியர் எழுதிக்கொடுத்த சீட்டை வாங்கிப் படிப்பார். மூக்குக்கண்ணாடிக்கு மேலாக நம்மை ஒரு தடவை அளந்து பார்ப்பார். அப்புறம் கேட்பார்:

"வீட்ல எங்க வைப்பிய?"

முதல் நாள் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் சர்க்கார் கச்சேரியில் நகல் எழுதும் குமாஸ்தா. காலையிலிருந்து யார் யாரோ கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லிக் களைத்து வந்திருந்தேன். ஸ்ரீவராகத்து வீட்டில் என் மனைவி இழுப்பு வந்து, சுவரில் கையை ஊன்றிக்கொண்டு மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தாள். இந்த மனிதர் என்னடாவென்றால் இடம் விசாரிக்கிறார்.

"வீட்லதான் வைப்பேன். வேற எங்க வைப்பா?" என்றேன்.

"வீடுன்னா அடுப்பு இருக்கும், கிணறு இருக்கும், சன்னல் இருக்கும். எங்கன்னு கேட்டேன்."

"அடுக்களைப் பரண்லே."

எடுத்து வைத்த குப்பியைத் திரும்பத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "அப்போ வேண்டாம் சாமி. கீழ சோறு வேகும், மேல மருந்து வேகும். நாலு மாசம் கழிச்சு வந்து, பிள்ளைவாள் மருந்து ஏக்கல்லேன்னு தெருவெல்லாம் சொல்லுவிய."

இரண்டே இரண்டு குளிகையைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். "இத இப்பவே கொண்டு போய்க் குடுங்க. பாக்கிக்கு எடம் பாத்துட்டு வாங்க."

திட்டிக்கொண்டே வீட்டுக்கு ஓடினேன். குளிகையை விழுங்கிய கால் மணியில் அவளுக்கு மூச்சு இறங்கியது. அதற்குமேல் எங்கே திட்டுவது?

அவருக்குப் பெயர் இல்லாமல் இருந்திருக்காது. தெரு முழுக்கப் பிள்ளைவாள் என்றது. நானும் அப்படியே அழைத்தேன். பத்து வருஷத்துக்கு மேல் பழகியும் பெயரைக் கேட்கத் தோன்றவே இல்லை. நாஞ்சில்நாட்டுக்காரர். ஒல்லியான உடம்பு. தோளில் இரண்டு துண்டு கிடக்கும். ஒன்று வேர்வை துடைக்க, மற்றது கை துடைக்க மட்டும். எந்தக் குப்பியைத் திறப்பதானாலும் முதலில் அந்த இரண்டாவது துண்டில் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்து, தன் கன்னத்தில் தொட்டுப் பார்த்துக்கொள்வார். கன்னத்துக்கு ஈரம் தெரிந்தால் மறுபடியும் துடைப்பார். அதற்குள் நமக்கு ஒரு யுகம் போய்விடும்.

கடை நல்ல இருட்டு. மற்றவர்கள் சரக்கை வாசல் வரைக்கும் பரப்பி வைத்திருக்க, இவர் முன்பக்கம் சாக்குப்படுதா தொங்கவிட்டிருப்பார். புதிதாக வருகிறவர்கள் கடை மூடியிருக்கிறது என்று திரும்பிப் போய்விடுவார்கள். அவருக்கு அதில் வருத்தமும் கிடையாது. உள்ளே சுவர் முழுக்கப் பழுப்புக் கண்ணாடிக் குப்பிகள். இங்கிலீஷ் மருந்து வந்த காலிக் குப்பிகளைத் தேடி வாங்கி, கொதிக்க வைத்து, மூன்று நாள் வெயிலில் கவிழ்த்து, அதற்குப் பிறகுதான் மருந்து போடுவார். ஒவ்வொரு குப்பியின் அடியிலும் சிறு துணிமுடிச்சு ஒன்று கிடக்கும். வறுத்த அரிசி. ஈரத்தை அது குடித்துக்கொள்ளுமாம். தக்கைக்கு மேல் மெழுகு. கழுத்தில் ஒரு சீட்டு. அதில் மருந்தின் பெயர், அடைத்த தேதி, அதன் கீழே வரிசையாகக் கோடுகள். ஒரு தடவை திறந்தால் ஒரு கோடு.

"வச்சு வச்சு மருந்து கெடாது சாமி. தொறந்து தொறந்துதான் கெடும்" என்பார்.

கடையில் எனக்கு மிகவும் வேடிக்கையாக இருந்தது ஒரு பீங்கான் தட்டு. அதில் ஒரு கைப்பிடி கல்லுப்பு. காலையில் கடை திறந்ததும் சாமி படத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அந்த உப்பைப் பார்ப்பார். உப்பு உலர்ந்திருந்தால் வியாபாரம் உண்டு. கசிந்து ஈரம் கட்டியிருந்தால் அன்றைக்குப் பெரிய குப்பி எதுவும் திறக்க மாட்டார். திருவனந்தபுரத்தில் இடவம் என்கிற வைகாசி மாதம் பாதியில் மழை பிடித்தால் உடுத்தின வேஷ்டி உடம்பில் உலர்ந்தால்தான் உண்டு. அந்த ஊரில் இப்படி ஒரு விரதம் எடுத்துக்கொண்ட வியாபாரியை நீங்கள் வேறெங்கும் பார்த்திருக்க மாட்டீர்கள். ஒரு தடவை, பெரிய வீட்டுக் காரியஸ்தர் ஒருவர் குடையை மடக்கிக்கொண்டு வந்து நின்றார். இவர் தட்டைக் காட்டினார்.

"உப்பு வேர்க்குது பாத்தேளா. நாளைக்கு வாங்க."

"எந்தா தமாஷாணோ?" என்றார் காரியஸ்தர்.

"தமாஷில்ல. தொறந்தா உள்ள இருக்கது நாப்பது பேருக்குள்ள மருந்து. ஒங்க ஒருத்தருக்காக நாப்பது பேரையும் நனைக்க முடியாது."

காரியஸ்தர் என்னைப் பார்த்தார். நான் உப்பைப் பார்த்தேன்.

என் மனைவிக்கு வேண்டிய குளிகையில் ஆடாதோடையும் கண்டங்கத்திரியும் இன்னும் இரண்டு இலைகளும் சேரும். வேளிமலை அடிவாரத்து வைத்தியர் ஒருவர் கும்பம் என்கிற மாசி மாத வெயில் காலத்தில் உருட்டி, நிழலில் உலர்த்தி, வருஷத்துக்கு ஒரே தடவை அனுப்புவார். மழையில் உருட்டினால் உலராமல் பூத்துப்போகும். ஆகவே கும்பத்தில் வந்ததுதான் அடுத்த கும்பம் வரைக்கும். இழுப்போ மழைக்காலத்தில்தான் ஆளைக் கொல்லும். வெயிலில் பிறந்த மருந்தை மழையைத் தாண்டிக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். "மருந்து செய்யது வைத்தியருக்க ஜோலி. காப்பாத்தி வைக்கது என் ஜோலி" என்பார்.

முதல் நாளுக்கு மறுநாள் அவர் என் கையில் மூன்று பொட்டலம் கொடுத்தார். மூன்றிலும் உப்பு. வீட்டில் மூன்று இடங்களில் மூன்று நாள் வைத்துவிட்டு, எது எந்த இடம் என்று எழுதிக் கொண்டுவரச் சொன்னார். சுவாமி மாடம், என் மேஜை இழுப்பறை, என் மனைவியின் பட்டுப்புடவைப் பெட்டி. மாடத்து உப்பு கரைந்து காகிதத்தில் ஒட்டிக்கொண்டது. இழுப்பறை உப்பு பாதி கசிந்தது. புடவைப் பெட்டியிலிருந்தது மட்டும் வைத்தபடி மணிமணியாக இருந்தது.

"பெட்டிதான்" என்றார், பெண் பார்த்து முடிவு சொல்கிற மாதிரி. அன்றைக்குத்தான் முழு வருஷத்து மருந்தையும் ஐந்து சின்னக் குப்பிகளாகக் கொடுத்தார். என் மனைவிக்கு ஏக சந்தோஷம். "என் கல்யாணப் புடவைக்குத் துணை கிடைச்சுது" என்றாள்.

கடையில் மேல்தட்டில் சில குப்பிகள் சுவரைப் பார்த்துத் திரும்பி இருக்கும். அவை என்ன என்று ஒருநாள் கேட்டேன்.

"சாட்சி" என்றார்.

ஒவ்வொரு வருஷமும் வருகிற மருந்தில் ஒரு குப்பி விற்காமல் எடுத்து வைத்துவிடுவாராம். இரண்டு வருஷமானதை ஒருநாள் திறப்பார், மூன்று வருஷமானதை ஒருநாள். முகர்ந்து பார்ப்பார், நாக்கில் வைப்பார், தண்ணீரில் போட்டு எவ்வளவு நேரத்தில் கரைகிறது என்று பார்ப்பார். எதற்காக? ஒரு குளிகைக்கு ஆயுசு எவ்வளவு என்று தெரிந்துகொள்ள. யாரும் அவரைக் கேட்கவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் எந்த மருந்தையும் அவர் விற்றதும் இல்லை.

"அதுல ஒரு கொறை சாமி. கசப்பு இருக்கான்னு நாக்கு சொல்லும். வேலை செய்யுதான்னு எப்படித் தெரியும்? எனக்கு இழுப்பு இல்லியே." நிஜமாகவே வருத்தத்தோடு சொன்னார். என் மனைவி படும் பாட்டை நினைத்து எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. இழுப்பு இல்லையே என்று ஏங்குகிற மனிதரை நான் அன்றுதான் பார்த்தேன்.

அந்தச் சாட்சிகளில் ஒன்று அவருக்குச் செல்லம். வேளிமலை வைத்தியரின் தகப்பனார் கடைசியாக உருட்டிய இழுப்புக் குளிகைகள். அடைத்ததிலிருந்து திறக்கவே இல்லை. சீட்டில் ஒரு கோடு கிடையாது. பன்னிரண்டு வருஷம், ஒரு வியாழவட்டம் முடிந்துதான் திறப்பது என்று வைத்திருந்தார்.

உலகச் சண்டைக்காலத்தில் ஒரு வருஷம். மிதுனமாகிய ஆனி மாதக் கடைசியில் என் மனைவி அம்மாவைப் பார்க்க நாகர்கோயில் போனாள். கையோடு ஒரு குப்பி எடுத்துப் போனாள். மற்ற நான்கும் பெட்டியில் இருந்தன. வீட்டில் நானும் என் அத்தையும். சிறுவயதிலேயே கணவனை இழந்து எங்களோடேயே இருந்தவள். ஆசாரத்தில் மடியும் தீட்டும் பார்ப்பதில் எங்கள் தெருவுக்கே அவள்தான் தீர்ப்பு சொல்லுவாள். கர்க்கடகம் பிறப்பதற்கு முந்தின நாள் வீடு முழுக்கக் கழுவித் துடைப்பது வழக்கம் அல்லவா? அன்றைக்குப் புடவைப் பெட்டியையும் திறந்திருக்கிறாள்.

பத்து நாள் கழித்து என் மனைவி திரும்பி வந்தாள். வந்த அன்று மத்தியானமே இழுப்பு. கொண்டுபோன குப்பி காலி. பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துத் தக்கையைப் பிடுங்கினேன். உள்ளே குளிகைகள் வெள்ளையாகப் பஞ்சு பூத்திருந்தன. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும் நான்காவதும் பச்சையாகவே பூத்திருந்தன.

"நான்தாண்டா திறந்தேன்" என்றாள் அத்தை, முகம் வெளுத்துப்போய். "உள்ளே அரிசி கிடந்துது. யாரு அடுப்பிலயோ வறுத்த அரிசி. அதைப் போய்க் கல்யாணப் புடவையோட வச்சிருக்கேள். தூரப் போட்டுட்டேன். ஆனா அரிசி வேணும்னுதானே அந்த மனுஷன் வச்சிருக்கான்னு தோணித்து. நம்மாத்துப் பச்சரிசியை நாலு தடவை அலம்பி, அதே துணியில முடிஞ்சு போட்டேன்."

நாலு தடவை அலம்பிய அரிசி. அவளை நான் என்ன சொல்ல? கொட்டிவிட்டுச் சும்மா இருந்திருந்தாலாவது பிழைத்திருக்கும். அன்போடு செய்திருக்கிறாள். அடுத்த கும்பத்துக்கு இன்னும் ஏழு மாசம் இருந்தது. உள்ளே என் மனைவியின் நெஞ்சு விசிலடித்துக்கொண்டிருந்தது. நான்கு குப்பிகளையும் மேல்துண்டில் கட்டிக்கொண்டு மழையில் ஓடினேன்.

பிள்ளைவாள் ஒவ்வொன்றாக முகர்ந்தார். துணிமுடிச்சை அவிழ்த்துப் பார்த்தார். நடந்ததைச் சொன்னேன். சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் முடிச்சைத் திரும்பக் கட்டி வைத்தார்.

"தப்பு என்னுதாக்கும்" என்றார். "எங்க வைப்பியன்னு கேட்டேன். யாரு தொடுவான்னு கேக்கல்லே."

"வேற மருந்து இருக்கா, பிள்ளைவாள்?"

"இந்த வருஷத்துது எல்லாம் அவங்கவங்களுக்குக் குடுத்தாச்சு. வரத்துக் கொறைவு, சாட்சிக்குக்கூட எடுக்கல்லே." சொல்லிவிட்டு மேல்தட்டைப் பார்த்தார். முந்தின வருஷங்களின் இழுப்புக் குளிகைச் சாட்சிகளைச் சோதித்துச் சோதித்து அவரே தின்று தீர்த்திருந்தார். மிஞ்சியது அந்தச் செல்லக் குப்பிதான். உப்புத் தட்டில் தண்ணீர் நின்றது.

படுதாவை இறக்கி ஓரங்களில் சாக்கைத் திணித்தார். கரிச்சட்டியில் கங்கு மூட்டிப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். விரல்களைத் துடைத்தார், கன்னத்தில் தொட்டார், மறுபடி துடைத்தார். ஒன்பது வருஷம் மூடிக் கிடந்த குப்பியின் மெழுகைக் கத்தியால் கீறினார். "மூணு வருஷம்தான் பாக்கி இருந்துது" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். குளிகைகளை எடுத்து வேறொரு சின்னக் குப்பியில் போட்டு என்னிடம் கொடுத்தார். கொடுக்கும்போது கையை விடவில்லை.

"சாமி, ஒரு உபகாரம் செய்யணும். விழுங்கின மணி, மூச்சு இறங்கின மணி, ரெண்டும் பாத்து வந்து சொல்லணும். எனக்கு இது வேற எங்கயும் கெடைக்காது."

அன்று சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தபடி அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நாலரைக்கு விழுங்கினாள். கால் மணி ஆயிற்று. அரை மணி ஆயிற்று. அத்தை சுவாமி மாடத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிட்டாள். ஐந்தரை ஆகப் போகும்போதுதான் மூச்சு இறங்கியது. இறங்கியதே என்று நான் அழுதேன்.

மறுநாள் கச்சேரிக்குப் போகும் வழியில் கடைக்குள் நுழைந்தேன். பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவர் போல எழுந்து நின்றார். பேனா கையில் இருந்தது. எனக்காகத் தன் செல்லக் குப்பியைத் திறந்த மனிதர். அவரிடம் போய், உம்முடைய மருந்து பாதி செத்துவிட்டது என்று எப்படிச் சொல்வது?

"அதே கால் மணிதான், பிள்ளைவாள். புது மருந்து மாதிரியே."

அவர் முகம் மலர்ந்ததை நான் மறக்கவில்லை. சீட்டில் எழுதி, ஈரம் உலர ஊதினார்.

சாயங்காலம் வீட்டில் இதைப் பெருமையாகச் சொன்னேன். என் மனைவி தலையணையிலிருந்து எழுந்து உட்கார்ந்தாள்.

"ஏன்னா அப்படிச் சொன்னேள்?"

"பாவம், சந்தோஷப்படட்டுமேன்னு."

"அவர் அதை நம்பி நாளைக்கு இன்னொருத்திக்குப் பழைய மருந்தைக் கொடுப்பார். கால் மணியிலே மூச்சு வரும்னு அவ காத்திண்டிருப்பா. எனக்கு அந்த ஒரு மணி எப்படி இருந்துதுன்னு உங்களுக்குத் தெரியுமா?" அவளுக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். "மூச்சு என்னோடது. அதுல நீங்க பொய் சொல்லப்படாது. நாளைக்குப் போய்ச் சொல்லிட்டு வாங்கோ."

போனேன். சொன்னேன். அவர் சீட்டை எடுத்து, எழுதியதை ஒரே கோடாக அடித்தார். கோபம் இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

"இது அம்மா வாயால சொன்னதா?"

"ஆமாம்."

"ஒரு மணி" என்று எழுதினார். அவருடைய கண் மறுபடி பளபளத்தது. "அப்போ எங்கயோ நடுவில கொறைய ஆரம்பிச்சிருக்கு. எந்த வருஷம்னு தெரியலியே." கொஞ்சம் யோசித்துவிட்டு என்னைப் பார்த்தார். "இனிமே அம்மாவே எழுதிக் குடுக்கட்டும் சாமி. நீங்க கொண்டுவந்தாப் போதும்."

நான் தபால்காரனானேன். கும்பத்தில் புது மருந்து வந்த பிறகும், ஒரு குப்பி தீர்ந்தால் அவள் பென்சிலில் எழுதிய சீட்டோடு போவேன். முதலில் மணி மட்டும் எழுதினாள். பிறகு மழையும் சேர்ந்தது. பிறகு என்னென்னவோ சேர்ந்தது. "விழுங்கினது நாலே கால். இறங்கினது நாலரை. நல்ல மழை. இவர் குடையை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார்." அவர் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை படிப்பார்.

அடுத்த மேடத்தில், சித்திரை வெயிலில், அவரே வீட்டுக்கு வந்தார். அரிசியை அத்தையின் அடுப்பிலேயே அத்தை வறுக்க, அவர் நடைக்கு வெளியே நின்றபடி, "இன்னும் நிறம் மாறணும் அம்மா. இன்னும் கொஞ்சம். மதி, போதும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அத்தை மனம் வைத்து, அவர் கடைக்கும் சேர்த்து ஒரு படி வறுத்துக் கொடுத்தாள். அதற்குப் பிறகு கடையில் யார் வந்தாலும் இரண்டு கேள்விகள்.

அத்தை போன மறுவருஷம் என் மனைவியும் போனாள். இழுப்பு இல்லை. நான்கு நாள் விஷஜுரம். எங்களுக்குக் குழந்தை கிடையாது. கச்சேரியில் செங்கோட்டைக்கு மாற்றல் கேட்டேன், கொடுத்தார்கள். வீட்டைக் காலி செய்தபோதுதான் அவள் கையெழுத்தில் என்னிடம் ஒரு வரி இல்லை என்பது தெரிந்தது. எப்போதும் ஒரே வீட்டில் இருந்தவளுக்கு எனக்குக் கடிதம் எழுத என்ன இருந்தது?

கிளம்புகிற நாள் காலையில் மழையோடு கடைக்குப் போனேன். அவளுடைய சீட்டுகள் இருக்கின்றனவா என்று கேட்டேன். அவர் மேல்தட்டிலிருந்து அந்தப் பழைய செல்லக் குப்பியை இறக்கினார். பழுப்புக் கண்ணாடிக்குள் மடித்த காகிதங்கள் நெருக்கியடித்து இருந்தன. அடியில் அத்தை வறுத்த அரிசி முடிச்சு. மேலே மெழுகு. ஓரமாக, நான் சொன்ன பொய்யை எழுதி அடித்த சீட்டும் தெரிந்தது.

"இதையுமா வச்சிருக்கேள்?"

"அதுவும் சேந்ததுதானே சாமி."

"ஒண்ணே ஒண்ணு எடுத்துக் காட்டுங்கோ, பிள்ளைவாள். சாயங்கால வண்டிக்குப் போறேன்."

விரல்களைத் துடைத்தார். கன்னத்தில் தொட்டார். பிறகு தட்டைப் பார்த்தார். உப்பு தண்ணீராக நின்றது. கையை இறக்கிக்கொண்டார்.

"இன்னைக்குத் தொறந்தா காகிதம் ஈரம் குடிச்சிரும். பூஞ்சை பிடிச்சிரும்." மெழுகைக் காய்ச்சி, தக்கைக்கு மேல் இன்னொரு பூச்சுப் பூசி, குப்பியை அப்படியே என் கையில் வைத்தார். "முழுசாக் கொண்டு போங்க. அங்க மழை விட்டு, உப்பு உப்பா இருக்கிற நாளாப் பாத்துத் தொறங்க."

வாங்கிக்கொண்டேன். படுதாவை விலக்கும்போது, பின்னாலிருந்து, பழக்கதோஷம்தான், கேட்டார்.

"எங்க வைப்பிய?"

"அவ புடவைப் பெட்டியிலே."

சரி என்று தலையாட்டினார். "யாரு தொடுவா?"

"இனிமே தொடறதுக்கு யாரும் இல்லே, பிள்ளைவாள்" என்றேன்.